நாஷ்வில் ஹாட் சிக்கன்: காரம் பழகிய நாக்கு முதல் தடவையே 'ஹாட்' கேட்கலாமா?

அடுப்படி (திரியைத் தொடங்கியவர்)

நாஷ்வில் ஹாட் சிக்கன் என்பது மிளகாய் எண்ணெய்ப் பசை பூசிய பொரித்த கோழி. கடைகளில் மைல்டு, மீடியம், ஹாட் என்று காரத்தின் அளவைச் சொல்லி வாங்கலாம். அமெரிக்காவின் டென்னசி பக்கம் போகும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "ஊர்ல சாப்பிடாத காரமா? நேரா ஹாட் வாங்கிடலாமா?" பதில்கள் பத்துத் திரிகளில் சிதறிக் கிடக்காமல் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று இதைத் தொடங்குகிறேன்.

முதலில் இடம். நாஷ்வில் நகர மையத்தில், பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், 2021-இல் திறந்த ஃபிஃப்த் பிளஸ் பிராட்வே வளாகம் இருக்கிறது. அங்கே உள்ள அசெம்பிளி உணவுக்கூடத்தில், ஹாட் சிக்கனைத் தொடங்கிய பிரின்ஸ் குடும்பத்தின் கடையான பிரின்ஸஸ். அதே வளாகத்தில் இன்னொரு ஹாட் சிக்கன் கடையான ஹேட்டி பீஸ். நடந்தே போகலாம், இரண்டையும் ஒப்பிட்டே சாப்பிடலாம். எதிரே பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கம் என்பதால் ஹாக்கி ஆட்டமோ கச்சேரியோ இருக்கும் மாலையில் வரிசை நீளும். பிற்பகல் 2 மணிக்கு மேல் போனால் நல்லது.

என் பரிந்துரை: முதல் தடவை மீடியம். எலும்போடு தொடையும் காலும் சேர்ந்த லெக் குவார்ட்டர். அதற்கு மேல் வேண்டாம்.

இதற்கும் மிளகாயின் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை. காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் கெயென் மிளகாய் 30,000 முதல் 50,000. நம் குண்டூர் சன்னம் மிளகாயும் அந்த வட்டாரம்தான். காரம் எதன்மேல் ஏறி வாய்க்கு வருகிறது என்பதில்தான் வித்தியாசம். நம் கறிக்குழம்பில் மிளகாய்த்தூள் தண்ணீரிலும் புளியிலும் தேங்காயிலும் கரைந்து, சோற்றோடு பிசைந்து உள்ளே போகிறது. ஹாட் சிக்கனில் பொரித்த கொழுப்பிலேயே கெயெனைக் குழைத்து, பொரித்து எடுத்த துண்டின் மேல் பூசுகிறார்கள். நடுவில் தடுப்பு ஏதும் இல்லை.

கணக்கும் சொல்கிறேன். நாலு பேர் குழம்புக்கு 3 தேக்கரண்டி மிளகாய்த்தூள், அதாவது சுமார் 8 கிராம். ஆளுக்கு 2 கிராம். ஹாட் சிக்கனின் வழக்கமான வீட்டுச் செய்முறையில் நாலு துண்டுக்கு அரை கப் சூடான கொழுப்பு, 4 மேசைக்கரண்டி கெயென், ஒரு மேசைக்கரண்டி பிரவுன் சுகர், கொஞ்சம் பாப்ரிக்கா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்), பூண்டுத் தூள், உப்பு. துண்டுக்கு 5 கிராம் கெயென். நம் சாப்பாட்டைப்போல இரண்டரை மடங்கு, அதுவும் சோறு இல்லாமல்.

---

குண்டுமிளகாய்

அடுப்படி, உங்கள் கணக்கை ஏற்கிறேன். முடிவை ஏற்க முடியாது.

மீடியம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "ஹாட் சிக்கன் சாப்பிட்டேன்" என்று ஊருக்குத் திரும்புவது அந்த உணவுக்குச் செய்கிற அநியாயம். 1930-கள் வாக்கில் தார்ன்டன் பிரின்ஸின் காதலி அவர்மேல் இருந்த கோபத்தில் காலை உணவுக்கான சிக்கனில் மிளகாயை அள்ளிக் கொட்டினாள், அவரோ அதை ரசித்துச் சாப்பிட்டுக் கடையே போட்டுவிட்டார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் கதை. கதை எவ்வளவு உண்மையோ, அந்தப் பண்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்டுகிறது. சர்க்கரையும் பூண்டும் கொழுப்பும் காரத்தை எதிர்த்து நிற்கத்தான் அங்கே இருக்கின்றன. காரம் இறங்கினால் மிஞ்சுவது இனிப்புத் தூக்கலான சிவப்பு எண்ணெய்.

எண்ணெயில் குழைத்த மிளகாய் நமக்குப் பழக்கமில்லை என்பதுபோலப் பேசுகிறீர்களே, இட்லிக்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தொட்டுச் சாப்பிடுகிற ஊர் எது? ஆவக்காய் ஊறுகாயின் எண்ணெயைச் சோற்றில் விட்டுப் பிசைகிற வாய் எது? அமெரிக்கர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையை அப்படியே தூக்கி நமக்கும் போடுகிறீர்கள்.

---

அடுப்படி

இட்லிப்பொடி நல்ல எடுத்துக்காட்டு. அதையே எடுத்துக்கொள்வோம்.

பொடியில் உளுந்தும் கடலைப்பருப்பும்தான் பாதிக்கு மேல், சில வீடுகளில் எள்ளும் சேரும். மிளகாய் ஒரு பங்கு. ஒரு தேக்கரண்டிப் பொடியில் முக்கால் கிராம் மிளகாய் இருந்தால் பெரிது. எண்ணெய் பச்சை எண்ணெய், ஆறியது. தொட்டுக்கொள்வது ஓரத்தில், கூடவே முழு இட்லி.

வெப்பம் இங்கே முக்கியம். நாக்கில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பி 43 டிகிரி செல்சியஸ் வாக்கில் விழித்துக்கொள்ளும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தட்டுவதும் அதே கதவைத்தான். டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டறிந்தது இது. அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்த பணியும் இதுவே. அடுப்பிலிருந்து வந்த துண்டைக் கடிக்கும்போது சூடும் காரமும் ஒரே கதவை ஒரே நேரத்தில் உடைக்கின்றன. ஆறிய பொடி எண்ணெயில் அது நடக்காது.

---

வாணலி

இரண்டு பேரும் மெனுவில் எழுதியிருக்கும் பெயரை நம்பிப் பேசுகிறீர்கள். சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து சிலதைச் சொல்ல வேண்டும்.

கெயென் எண்ணெயில் கரையாது. காரம் எண்ணெயில் இறங்கும், தூள் அடியில் தங்கும். பசைப் பாத்திரத்தை ஒவ்வொரு துண்டுக்கும் அடிவரை கலக்காவிட்டால் மேலாக எடுத்த கரண்டியில் எண்ணெயும் நிறமும் மட்டும் வரும், பாத்திரம் தீரும் நேரத்தில் வருபவருக்கு வண்டல் முழுதும் வரும். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே 'ஹாட்' இரண்டு பேருக்கு இரண்டு விதமாக அமைவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது, பசை குழைக்கும் சூடு. பொரிக்கும் எண்ணெய் 165 டிகிரி வாக்கில் இருக்கும். அதை அப்படியே தூள்மேல் ஊற்றினால் என்ன ஆகும் என்று தாளிக்கத் தெரிந்த யாருக்கும் தெரியும்: நெடி ஏறும், தூள் கருகும், கசக்கும். கருகிய கெயெனின் கசப்பைப் பலர் அதிகக் காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். எண்ணெயைக் கொஞ்சம் ஆறவிட்டு, 120 டிகிரி அளவில் குழைத்தால் நிறமும் நிற்கும், மணமும் நிற்கும். தட்டில் வந்த துண்டு செங்கல் சிவப்பாக இருக்க வேண்டும். காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தால் பசை கருகியது.

நிறத்தைப் பார்த்துக் காரத்தைக் கணிக்கவும் கூடாது. பாப்ரிக்காதான் சிவப்பைக் கொடுக்கிறது, நம்மூரில் காஷ்மீரி மிளகாய் செய்கிற வேலை.

---

குண்டுமிளகாய்

வாணலி சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு. அளவே நிலையில்லை என்றால் 'மீடியம்' கேட்டவருக்கு வெறும் சிவப்பு எண்ணெய் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். ஹாட் கேட்டால் எப்படிப் போனாலும் காரம் இருக்கும்.

---

வாணலி

வண்டல் கரண்டி வந்தாலும் அதே கதைதான், தலைகீழாக.

---

பனங்கட்டி

ரெண்டு பக்கத்தாரும் ஆள் ஒருத்தருக்கு ஒரு துண்டு எண்டு வைச்சுக் கதைக்கிறியள். என்னத்தோட சாப்பிடுறது எண்டதிலதான் பாதி விசயம் இருக்குது.

தட்டில அடியில ரெண்டு துண்டு வெள்ளைப் பாண் (பிரெட்), அதுக்கு மேல இறைச்சி, அதுக்கு மேல வெள்ளரிக்காய் ஊறுகாய்ச் சில்லு. அந்தப் பாண் அழகுக்கு வைக்கிறதில்லை. வழியிற எண்ணெயை உறிஞ்சிறதுக்கு. பத்து நிமிசம் போனால் தட்டிலேயே காரம் கூடின பொருள் அந்தப் பாண்தான். இறைச்சி வரக் காத்திருந்த பசியில முதல் கடியே பாணில வைக்கிறது பெரிய பிழை. இறைச்சியை முடிச்சுப்போட்டு, கடைசியில பிச்சுப் பிச்சுத் தின்ன வேணும்.

ஊறுகாய்ச் சில்லின்ர புளிப்பு கொழுப்பின்ர பாரத்தை வெட்டும். காரத்தைக் குறைக்காது. குறைக்கிறது பால் சாமான்தான், பாலில இருக்கிற கேசீன் புரதம் கேப்சைசினைப் பிடிச்சுக் கழுவிக்கொண்டு போகும். ரான்ச் எண்ட மோர்ச் சோஸ், மக் அண்ட் சீஸ் எண்ட சீஸ் மக்ரோனி, கிடைச்சால் பால். சோடா வேண்டாம், காஸ் இன்னும் குத்தும். தண்ணி குடிச்சால் எண்ணெயை வாய் முழுக்கப் பரப்பும், அவ்வளவுதான்.

கட்டைச் சம்பல் (மிளகாயும் வெங்காயமும் இடிச்சது) தின்னுற சனத்துக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். சம்பலை விரல் நுனியால தொட்டுப் பாணோட தின்னுறம். ஒரு கோப்பை சம்பலைத் தனியக் கடிச்சுத் தின்னுறதில்லை.

---

நாகூர்க் காற்று

காரச் சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. அந்தப் பசை எந்தக் கொழுப்பில்? அமெரிக்கத் தென்மாநிலங்களில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம் என்று தெரியும். இதை யாருமே எழுதுவதில்லை.

---

வாணலி

முக்கியமான கேள்வி, முதல் பதிவிலேயே இருந்திருக்க வேண்டியது.

ஹாட் சிக்கன் பசையின் பழைய செய்முறைகள் பன்றிக் கொழுப்பைத்தான் சொல்கின்றன. இன்று நிறைய கடைகள் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டன. ஆனால் பொரிப்பது தாவர எண்ணெயிலும் பசை வேறு கொழுப்பிலும் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே கவுன்டரில் இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள்: பொரிக்கும் எண்ணெய் எது, பூசும் பசையில் சேர்ப்பது எது. "எண்ணெய் என்ன" என்று பொதுவாகக் கேட்டால் முதலாவதற்கு மட்டும் பதில் வரும்.

பக்க உணவிலும் கவனம் வேண்டும். தென்மாநிலக் கீரை மசியல் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது. பீன்ஸும் அப்படித்தான். கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்), உருளைக்கிழங்கு சாலட், மக் அண்ட் சீஸ் ஆகியவற்றில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை, இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹலால் வேண்டும் என்பவர்கள் கோழி எங்கிருந்து வருகிறது என்று தனியாகக் கேட்க வேண்டும். எண்ணெயைப் பற்றிய பதில் அதற்குப் போதாது.

---

அடுப்படி

நன்றி வாணலி. முதல் பதிவில் விட்டது என் தவறு.

குண்டுமிளகாய், உங்கள் அடிப்படை வாதத்துக்கு வருகிறேன். காரம் குறைந்தால் அது வேறு பண்டம் என்றால் பிரின்ஸஸ் தன் பலகையில் பிளெயினிலிருந்து எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஹாட் வரை ஏன் வைத்திருக்கிறது? பரம்பரைக் கடையே படிக்கட்டு கட்டி வைத்திருக்கும்போது முதல் படியில் கால் வைப்பது எப்படி அநியாயம் ஆகும்?

---

குண்டுமிளகாய்

படிக்கட்டு இருப்பது குழந்தையோடு வருபவருக்கும், வயிற்றுப்புண் இருப்பவருக்கும். அவர்களை ஹாட் சாப்பிடச் சொல்ல மாட்டேன், அது பொறுப்பில்லாத பேச்சு. நெஞ்செரிச்சல் உள்ளவர், வெறும் வயிற்றோடு வருபவர், அடுத்த நாலு மணி நேரம் கார் ஓட்டப் போகிறவர் எல்லோருக்கும் மைல்டு போதும்.

நான் பேசுவது தினமும் மிளகாய் தின்கிற, உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆளைப் பற்றி. அவருக்கு 'ஹாட்' கேட்கிற உரிமை உண்டு. அதற்கு மேலே இருப்பதை நானும் வேண்டாம் என்பேன். ஹேட்டி பீஸ் பலகையில் சதர்ன், மைல்டு, மீடியம், ஹாட், டாம் ஹாட், ஷட் த க்ளக் அப் என்று ஆறு. சதர்னில் காரமே இல்லை. ஹாட் என்பது நாலாவது. கடைசி இரண்டும் பந்தயத்துக்கு. உச்ச அளவுகளுக்குக் கெயென் போதாமல் பூத் ஜோலோகியா மாதிரி மிளகாயைச் சேர்க்கும் கடைகள் உண்டு. ஜோலோகியா 10 லட்சம் ஸ்கோவிலைத் தாண்டியதாக 2007-இல் கின்னஸ் பதிவு செய்தது. கெயெனைப்போல இருபது மடங்குக்கு மேல். அந்த எல்லைக்குப் போனால் பூண்டும் தெரியாது, கோழியும் தெரியாது.

கோழியின் சுவையும் காரமும் ஒரே கடியில் நிற்கும் கடைசி இடம் ஹாட். அதை விட்டுவிட்டு ஏன் வர வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

---

பனங்கட்டி

இதில குண்டுமிளகாயோட ஒத்துப் போறன். ஆனால் எந்தத் துண்டு எண்டதையும் சொல்லுங்கோ. டெண்டர்ஸ் எண்டு எலும்பில்லாத நெஞ்சுக் கீலம் எடுத்தால் நாலு பக்கமும் பொரிவு, நாலு பக்கமும் பசை, நடுவில மெல்லிய வெள்ளை இறைச்சி. அதே ஹாட், காரம் கூடத் தெரியும். கால் துண்டில இறைச்சி தடிப்பு, தன்ர கொழுப்பும் இருக்குது, ஒவ்வொரு கடியிலும் பசை குறைவு.

---

வாணலி

மிகச் சரி. மேற்பரப்புக்கும் சதைக்கும் உள்ள விகிதம்தான் விஷயம். ஹாட் கேட்கிறவர் கால் பகுதியைத்தான் எடுக்க வேண்டும். டெண்டர்ஸ் என்றால் ஒரு படி இறங்குங்கள்.

நேரமும் வேறுபடும். எலும்புள்ள கால் பகுதி 163 டிகிரி எண்ணெயில் 15 முதல் 18 நிமிடம். டெண்டர்ஸ் 5, 6 நிமிடத்தில் முடியும். நெஞ்சுப்பகுதி 74 டிகிரி உள்வெப்பம் வந்ததும் எடுத்தால் ஈரம் இருக்கும், தாண்டினால் நார் நாராகும். தொடை 80-ஐத் தாண்டினால்தான் அதன் இணைப்புத்திசு இளகும். நல்ல கடையில் காத்திருக்க வைக்கிறார்கள் என்றால் ஆர்டருக்குப் பொரிக்கிறார்கள் என்று பொருள், கோபப்பட வேண்டாம். ஆர்டர் கொடுத்த மூன்றாம் நிமிடம் கால் துண்டு வந்தால் அது விளக்கின் கீழே காத்திருந்த துண்டு.

எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து "வேகவில்லை" என்று திருப்பிக் கொடுப்பது நம்மவர்களிடம் நிறைய. கறிக்கோழி ஆறு ஏழு வாரத்தில் வெட்டப்படுவது. எலும்பு இன்னும் முற்றாததால் மஜ்ஜையின் நிறமி வெளியே கசிந்து பக்கத்துச் சதையைச் சிவக்க வைக்கும். சதை எலும்பிலிருந்து தளர்ந்து வருகிறதா, கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வழவழப்பு இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

பொரிவு தோலோடு சேர்ந்து ஒரே ஓடாகக் கழன்று வருகிறதா? அது கடையின் பிழை. ஈரத்தோடு மாவில் புரட்டி உடனே போட்டிருப்பார்கள், அல்லது கூட்ட நேரத்தில் அளவுக்கு மீறித் துண்டுகளைப் போட்டு எண்ணெய் ஆறியிருக்கும். மாவு புரட்டிய துண்டு பத்து இருபது நிமிடம் தட்டில் இருந்து மாவு ஈரம் இழுத்தால்தான் பிடிக்கும். ஹாட் சிக்கனுக்கு இது இன்னும் முக்கியம்: பிடிக்காத பொரிவுக்குள் பசை இறங்கி, தோலுக்கும் ஓட்டுக்கும் நடுவே எண்ணெய்க் குளமாகும்.

---

நாகூர்க் காற்று

பார்சல் வாங்கி விடுதி அறையில் வைத்துச் சாப்பிடலாமா? குழந்தைகளோடு அந்தக் கூட்டத்தில் உட்காருவது சிரமம்.

---

அடுப்படி

முடிந்தவரை வேண்டாம். மூடிய பெட்டியில் ஆவி திரும்பிப் பொரிவின் மேலேயே விழும், கால் மணி நேரத்தில் நமத்துவிடும். மேலே எண்ணெய்ப் பசையும் இருப்பதால் சாதாரணப் பொரித்த கோழியைவிடச் சீக்கிரம். கட்டாயம் என்றால் மூடியைத் திறந்தே எடுத்துப் போங்கள், பாணை, மன்னிக்கவும், பனங்கட்டியின் சொல் ஒட்டிக்கொண்டது, ரொட்டியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பிளெயின் அல்லது சதர்ன். அவர்கள் துண்டை உங்கள் தட்டில் வைக்காதீர்கள், எண்ணெய் ஓடி ஒட்டிவிடும்.

கை விஷயம் எல்லோருக்கும். வெறும் தண்ணீரில் கேப்சைசின் போகாது. உணவு எண்ணெய் அல்லது வெண்ணெய் கொஞ்சம் தேய்த்து, பிறகு சோப்பு, இரண்டு தடவை. கழிவறைக்குப் போகும் முன்னும் கழுவுங்கள். கண்ணில் லென்ஸ் போட்டிருப்பவர்கள் அன்றைக்குக் கண்ணாடி போட்டுப் போவது உத்தமம். குழந்தையைத் தூக்கும் கைக்கும் இதே விதி.

---

குண்டுமிளகாய்

நாலு பேர் போகிறார்கள் என்று வையுங்கள். மீடியம் கால் பகுதி மூன்று, ஹாட் ஒன்று, பிய்த்துப் பகிர்ந்துகொள்ளட்டும். யாரும் ஹாட்டை ருசிக்காமல் திரும்ப வேண்டாம். இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

---

அடுப்படி

ஒப்புக்கொள்கிறேன், வரிசை மாறாமல் இருந்தால். மீடியத்தை முதலில் முடிக்க வேண்டும். ஹாட் ஒரு வாய் போட்டபின் அடுத்த கால் மணி நேரத்துக்கு மீடியத்தில் காரம் இருப்பதே தெரியாது, "மீடியம் சப்பை" என்று இங்கே வந்து எழுதுகிற பாதிப் பேர் அப்படிச் சாப்பிட்டவர்கள்தான்.

---

குண்டுமிளகாய்

நான் எதிர்மாறாகச் சொல்வேன். பசியும் சூடும் இருக்கும் முதல் ஐந்து நிமிடம்தான் பொரிவு மொறுமொறுப்பாக இருக்கும். அந்த நேரத்தை மீடியத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆறி நமத்த ஹாட்டையா கடைசியில் சாப்பிடுவது?

---

வாணலி

ஹாட்டைப் பத்து நிமிடம் தள்ளித் தனியாக ஆர்டர் கொடுங்கள். இரண்டும் புதிதாக வரும். கூட்ட நேரத்தில் மட்டும் இது நடக்காது, வரிசையில் திரும்ப நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் பிற்பகல் 2 மணிக்கு மேல் என்று அடுப்படி சொன்னது.